கடை வேலை இன்டர்வியூவில் எதைப் பார்ப்பார்கள்?

கேள்வி:

அக்கா, எனக்கு 21 வயது. ஊர் வடமராட்சி. உயர்தரம் கலைப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு என் புள்ளி காணவில்லை. அதற்குப் பிறகு வீட்டில்தான் இருக்கிறேன். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு பெரிய கடை. மேலே உடுப்பு, கீழே பலசரக்கு. விற்பனை உதவியாளர், காசாளர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள், விண்ணப்பம் போட்டேன். வருகிற புதன்கிழமை நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லிக் கோல் வந்தது. நான் இதுவரை எந்த வேலைக்கும் போனதில்லை. ஆங்கிலம் வாசிப்பேன், கதைக்க வராது. சிங்களம் அறவே தெரியாது. அம்மா, "கடையில நிக்கிறதுக்கு என்ன பெரிய இன்டர்வியூ, எல்லாத்துக்கும் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா" என்கிறா. எனக்கென்றால் நித்திரையே இல்லை. என்ன கேட்பார்கள்? சம்பளத்தைப் பற்றி நான் வாய் திறக்கலாமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்களுக்குக் கோல் வந்திருக்கிறது என்றால், உங்கள் விண்ணப்பத்தை ஒருவர் இருந்து வாசித்திருக்கிறார். முன் அனுபவம் என்ற இடம் வெறுமையாக இருப்பதையும் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகுதான் கூப்பிட்டிருக்கிறார். ஆகவே 'எனக்கு அனுபவம் இல்லையே' என்ற பயத்தைப் புதன்கிழமை வரை சுமக்காதீர்கள். அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

கடைகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறவள் நான். கடை இன்டர்வியூ உயர்தரப் பரீட்சை மாதிரி இல்லை. அங்கே உங்கள் அறிவை அளக்க யாரும் இருப்பதில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் முதலாளியோ மனேஜரோ உள்ளுக்குள் யோசிப்பது மூன்றே விஷயம். இந்தப் பிள்ளையை ஒரு வாடிக்கையாளரோடு தனியே விடலாமா? காசு லாச்சியை நம்பிக் கொடுக்கலாமா? இன்றைக்கு வந்தவள் அடுத்த மாதமும் வருவாளா? கேள்விகள் பல விதமாக வரும். எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த மூன்றில்தான் வந்து நிற்கும். ஒவ்வொரு கேள்வியும் இந்த மூன்றில் எதைத் தொடுகிறது என்று பிடித்துவிட்டீர்கள் என்றால் பதில் தானாக வரும்.

அம்மா சொல்வதில் பாதி சரி. பயப்படும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லை என்பது சரி. எல்லாத்துக்கும் ஓம் சொல்வது மட்டும் வேண்டாம். "இரவு ஒன்பது மணி வரை நிற்பீரா?", "ஓம்." "லீவே எடுக்கமாட்டீரா?", "ஓம்." இப்படி எல்லாத்துக்கும் தலையாட்டும் பிள்ளையை அனுபவமுள்ள மனேஜர் நம்பமாட்டார். நிற்க முடியாததை முடியாது என்று மரியாதையாகச் சொல்கிறவளின் 'ஓம்'தான் அவருக்குப் பெறுமதி.

கடைக்குள் கால் வைத்ததில் இருந்தே இன்டர்வியூ தொடங்கிவிடும். பெரும்பாலான கடைகளில் இதற்கென்று தனி அறை இராது. பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில், இல்லாவிட்டால் மேல்மாடியில் ஸ்டொக் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கதிரையில் இருக்கச் சொல்வார்கள். ஒரு மணித்தியாலம் கூடக் காக்க வேண்டி வரலாம். அந்த நேரத்தில் போனைத் தடவிக்கொண்டிருக்காமல் கடையைப் பாருங்கள். எந்தப் பக்கம் சனம் கூட, பில் போடும் பிள்ளை வாடிக்கையாளரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள், விலை எங்கே ஒட்டியிருக்கிறது, மாற்றிக் கொடுப்பது பற்றிச் சுவரில் ஏதாவது எழுதியிருக்கிறதா. பிறகு உள்ளே, "எங்கட கடைக்கு முதல் வந்திருக்கிறீரா?" என்று கேட்பார்கள். இது அநேகமாக எல்லா இடத்திலும் கேட்கிற கேள்வி. முடிந்தால் திங்களோ செவ்வாயோ ஒரு தரம் போய் ஒரு சின்னச் சாமான் வாங்கிக்கொண்டு வாருங்கள். அப்படிப் போய்வந்த பிள்ளைக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். போகாத பிள்ளை, "நல்ல கடை" என்று மட்டும் சொல்லுவாள்.

"உங்களைப் பற்றிச் சொல்லும்" என்பது முதல் கேள்வியாக வரும். பேர், படிப்பு, ஊர் எல்லாம் அவர் கையில் உள்ள தாளில் இருக்கிறது. அதைத் திருப்பி ஒப்புவிக்காதீர்கள். இந்த வேலையோடு சம்பந்தப்பட்டதைச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் மாணவர் மன்றத்துக்குக் காசு சேர்த்தீர்களா? கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு நின்று பரிமாறினீர்களா? அக்காவின் கலியாணத்துக்குக் கணக்குக் கொப்பி வைத்திருந்தது நீங்களா? இவையெல்லாம் அனுபவம்தான். வீட்டில் இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்க ஒன்றுமில்லை. என்ன செய்துகொண்டிருந்தீர்களோ அதைச் சொல்லுங்கள். அம்மம்மாவைப் பார்த்தது, தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது, ஒரு கணினி வகுப்புக்குப் போனது என்று உள்ளதைச் சொன்னால் போதும். "சும்மா இருந்தனான்" என்று மட்டும் சொல்லவேண்டாம்.

அடுத்தது, நம்மூர்க் கடை முதலாளிகள் எல்லோருக்கும் உள்ள பெரிய பயம். ஒரு பிள்ளையை எடுத்து, பில் மெஷின் பழக்கி, சாமான் இருக்கும் இடம் காட்டி, ஆள் ஒரு மாதிரித் தேறி வரும்போது, "அண்ணை, எனக்கு வெளிநாடு சரிவந்திட்டுது" என்று நிற்பது. இல்லாவிட்டால் கலியாணம். இல்லாவிட்டால் அரச வேலை. அதனால், "கவுண்மென்ற் வேலை கிடைச்சால் போயிடுவீரோ?", "வெளிநாட்டுக்கு ஏதாவது அலுவல் நடக்குதோ?", "வீட்டில கலியாணம் பேசினமோ?" என்றெல்லாம் நேரடியாகவே கேட்பார்கள். கலியாணத்தைப் பற்றிக் கேட்பது சரியான முறை இல்லை என்பது என் எண்ணம். ஒரு பையனிடம் அதைக் கேட்பதில்லை. ஆனால் கேட்கிறார்கள், நீங்கள் பதிலோடு போகவேண்டும். "இப்ப அப்பிடி ஒண்டும் இல்லை ஐயா. வேலை பழகி, குறைஞ்சது இரண்டு வருசமாவது நிக்க வேணும் எண்டுதான் வந்தனான். இடையில ஏதும் மாறினால் ஒரு மாதத்துக்கு முதலே சொல்லுவன்." இந்தக் கடைசி வசனம் முக்கியம். என்றென்றைக்கும் நிற்பேன் என்ற சத்தியத்தை எந்த முதலாளியும் நம்புவதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடமாட்டேன் என்ற வார்த்தையைத்தான் அவர் தேடுகிறார். ஆனால் அதை மனதாரச் சொல்லுங்கள். சொன்னபடி நடக்க முடியாதென்றால் சொல்லாதீர்கள்.

"எந்த ஊர், ஆற்ற பிள்ளை?" என்ற கேள்வியும் வரும். அதற்குள் இரண்டு இருக்கிறது. ஒன்று, உண்மையாகவே தேவையானது. வடமராட்சியில் இருந்து டவுனுக்கு நேரத்துக்கு வந்து சேர்வீர்களா, இரவு எப்படி வீட்டுக்குப் போவீர்கள் என்பது. மற்றது, கேட்கவே கூடாதது. நீங்கள் முதலாவதற்குப் பதில் சொல்லுங்கள். "நெல்லியடிக்குச் சைக்கிளில வந்து பஸ் எடுப்பன். காலமை இத்தனை மணி பஸ்ஸில ஏறினால் கடை திறக்க முதல் நிப்பன். பின்னேரம் கடைசி பஸ் இத்தனை மணிக்கு." இந்த நேரங்களை முதல் நாளே பஸ் நிலையத்தில் விசாரித்து மனதில் வைத்துக்கொண்டு போங்கள். கேட்டவர் அதற்கு மேலே குடும்பத்தைத் தோண்டத் தொடங்கினால், "அப்பா கமம் செய்யிறவர்" என்பது போல ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கும் மேலே சாதி கேட்கிற கடை என்றால், தங்கச்சி, வேறு கடை பார்க்கலாம்.

இனி காசு. காசாளர் வேலைக்குக் கேட்டிருப்பதால் சின்னதாக ஒரு கணக்குப் பரீட்சை கட்டாயம் இருக்கும். பெரிய கணக்கு இல்லை. "பில் 1,385 ரூபாய். ஆள் 5,000 ரூபாய்த் தாள் தாறார். மிச்சம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். 3,615 என்று உடனே சொல்ல வந்தால் நல்லது. வராவிட்டால் பதறவேண்டாம். மனதால் கழிக்காமல் பில்லில் இருந்து மேலே கூட்டிக்கொண்டு போங்கள். 1,385க்கு ஒரு ஐந்து ரூபாய்க் குத்தி வைத்தால் 1,390. பத்து வைத்தால் 1,400. நூறு வைத்தால் 1,500. ஐந்நூறு வைத்தால் 2,000. பிறகு மூன்று ஆயிரம், 5,000. கையில் எடுத்து வைத்ததைக் கூட்டினால் அதுதான் மிச்சம். பழைய கடைக்காரர்கள் இன்னும் இப்படித்தான் வாடிக்கையாளருக்கு முன்னால் எண்ணி வைப்பார்கள். கணக்கு வாயிலும் கையிலும் ஒன்றாக நடப்பதால் பிழை வராது, வாங்குகிறவருக்கும் சந்தேகம் வராது.

இதையே கொஞ்சம் சிக்கலாக்கியும் கேட்பார்கள். நீங்கள் மிச்சத்தை எடுத்து வைக்கும்போது, "பொறும் பிள்ளை, என்னட்ட 385 சில்லறை இருக்கு" என்று ஆள் நீட்டுகிறார். இப்போது என்ன கொடுக்கவேண்டும்? 4,000. கணக்கு லேசு. அவர்கள் பார்ப்பது, நீங்கள் எடுத்து வைத்த பழைய மிச்சத்தை முதலில் லாச்சிக்குள் திரும்பப் போட்டுவிட்டு, பிறகு புதிதாக எண்ணுகிறீர்களா என்பதை. குழப்பம் எல்லாம் அங்கேதான் வரும், ஏமாற்றுகிறவர்களும் அந்த இடத்தில்தான் ஏமாற்றுவார்கள். இன்னொன்றும் சொல்லலாம்: "மிச்சம் குடுத்து முடியும் வரைக்கும் அவர் தந்த 5,000 தாளை லாச்சிக்குள்ள போடமாட்டன், வெளியில வைச்சிருப்பன்." 'நான் ஐயாயிரம் தந்தனான், நீர் ஆயிரத்துக்குத்தான் மிச்சம் தந்தனீர்' என்ற சண்டை அப்படித்தான் தீரும். அனுபவம் இல்லாத ஒரு பிள்ளை இதைச் சொன்னால் மனேஜர் நிமிர்ந்து பார்ப்பார். இன்றைக்கே வீட்டில் தம்பியை வாடிக்கையாளர் ஆக்கி, கையில் உள்ள காசை வைத்துப் பழகிப் பாருங்கள்.

விற்பனைப் பக்கத்துக்கு எடுப்பதென்றால், சில இடங்களில் ஒரு வேலையைத் தந்து செய்யச் சொல்வார்கள். ஒரு முறை நான் இருந்த இன்டர்வியூவில், வந்த ஒவ்வொருவரிடமும் பால்மாப் பைக்கற்றுகள் உள்ள ஒரு பெட்டியைக் கொடுத்து இறாக்கையில் அடுக்கச் சொன்னோம். இறாக்கையில் முன்பே கொஞ்சம் இருந்தது. அநேகம் பேர் புதியதை முன்னால் வடிவாக அடுக்கிவிட்டுப் போய் இருந்தார்கள். ஒரு பெடியன் மட்டும் பைக்கற்றைத் திருப்பிக் காலாவதித் திகதியைப் பார்த்தான். உள்ளே இருந்ததை வெளியில் எடுத்து, புதியதைப் பின்னுக்குத் தள்ளி, பழையதை முன்னுக்கு வைத்தான். அடுக்கு அவ்வளவு வடிவாக வரவில்லை. சாதாரண தரத்தில் பெறுபேறும் மற்றவர்களைவிடக் குறைவு. வேலை அவனுக்குத்தான். திகதி போன சாமான் இறாக்கையில் இருந்தால் கடைக்கு நட்டம் மட்டுமில்லை, பாவனையாளர் அதிகாரசபை வந்தால் வழக்கு. பைக்கற்றில் அச்சடித்த அதிகூடிய சில்லறை விலைக்கு மேலே ஒரு ரூபாய் கூட எடுக்கக்கூடாது என்பதும் அப்படித்தான். இந்த இரண்டும் உங்களுக்குத் தெரியும் என்று பேச்சுவாக்கில் காட்டுங்கள்.

வாடிக்கையாளரைப் பற்றிய கேள்விகளில்தான் கூட நேரம் போகும். "போன கிழமை வாங்கின சட்டை, சாயம் போகுது எண்டு ஒரு அம்மா கொண்டு வாறா. பில் இல்லை. கத்துறா. என்ன செய்வீர்?" இங்கே பலர், "மாத்திக் குடுப்பன்" என்று உடனே நல்ல பேர் எடுக்கப் பார்ப்பார்கள். சிலர், "பில் இல்லாமல் ஏலாது எண்டு சொல்லுவன்" என்பார்கள். இரண்டும் சரியில்லை. மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் உங்களுடையது இல்லை, கடைக்குள் வந்தவரை வாசலில் வைத்துத் திருப்பும் உரிமையும் இல்லை. "முதல்ல அவவை ஒரு பக்கமாக் கூப்பிட்டு, சட்டையை வாங்கிப் பார்ப்பன். 'இருங்கோ அம்மா, கேட்டுச் சொல்லுறன்' எண்டு சொல்லிப்போட்டு மேற்பார்வையாளரிட்டக் கொண்டு போவன்." இவ்வளவுதான். கத்துகிறவரை மற்ற வாடிக்கையாளருக்கு முன்னாலிருந்து நகர்த்துவதும், சாமானைக் கையில் வாங்குவதும் பாதிக் கோபத்தைக் குறைக்கும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு ஆயத்தமாகப் போங்கள். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "உம்மட மாமி வந்து, 'பிள்ளை, எனக்கு ஒரு பத்து வீதம் குறைச்சுப் போடு' எண்டால்?" சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள், ஆனால் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. தங்கள் சொந்தங்களின் பில்லைத் தாங்களே போடக்கூடாது என்று பல கடைகளில் விதியே உண்டு. "மாமி எண்டாலும் விலை ஒண்டுதான். அவவின்ட பில்லைப் பக்கத்துக் கவுண்டரில இருக்கிறவவைப் போடச் சொல்லுவன்" என்று சொன்னீர்கள் என்றால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

அதை விடக் கஷ்டமானது, "கூட வேலை செய்யிற ஆள் களவெடுக்கிறதைக் கண்டால்?" என்பது. உங்கள் வயதில் இதற்குப் பதில் சொல்வது சங்கடம். காட்டிக்கொடுக்கிறவள் என்று நினைப்பார்களோ, கூட்டுக்களவு என்று நினைப்பார்களோ என்று இரண்டு பக்கமும் பயம் வரும். நேராகச் சொல்லுங்கள்: கண்ணால் கண்டதை மட்டும், மற்றவர்களிடம் கதைக்காமல், மனேஜரிடம் தனியாகச் சொல்வேன். 'கண்டதை மட்டும்', 'தனியாக' இரண்டையும் விடாதீர்கள். கடைகளில் வீண் பழியால் வேலை இழந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பொறுப்பான மனேஜர் ஒருவர் அந்த இரண்டு சொல்லுக்கும் மதிப்புக் கொடுப்பார்.

மொழியைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். டவுன் கடையில் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் தமிழ் கதைக்கிறவர்கள். ஆனால் நயினாதீவு விகாரைக்கு வரும் தென்னிலங்கைச் சிங்களச் சனம் டவுனுக்குள்ளும் வரும். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டில் இருந்து வருகிற குடும்பங்களின் பிள்ளைகள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் கேட்பார்கள். "ஆங்கிலம் வாசிப்பன், சாமான்களின்ட பேர், அளவு, விலை சொல்லுவன். சரளமாகக் கதைக்க இன்னும் பழகவேணும்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். தெரியும் என்று பொய் சொன்னால் அடுத்த கேள்வியே ஆங்கிலத்தில் வரும். சிங்களத்தில் நாலு சொல் பழகிக்கொண்டு போங்கள். 'கீயத' என்றால் எவ்வளவு, 'தியெனவா' என்றால் இருக்கிறது, 'நே' என்றால் இல்லை. எண்கள் ஒன்றிலிருந்து பத்து வரை. இந்த ஒரு கிழமையில் அது முடியும். பழக விருப்பம் உள்ளவள் என்பதற்கு அது நல்ல சாட்சி.

உடுப்பு, சான்றிதழ் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. துப்புரவான, அழுத்திய பஞ்சாபி போதும், சேலை கட்டாயமில்லை. தலையை இழுத்துக் கட்டுங்கள், நகத்தை வெட்டுங்கள், சத்தம் போடும் காப்பு வேண்டாம். பஸ்ஸில் வேர்த்து வருவீர்கள், அதனால் அரை மணித்தியாலம் முந்தி வந்து முகம் கழுவிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறு, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், கிராம அலுவலரின் நற்சான்றிதழ், சுயவிபரக் கோவை. எல்லாவற்றிலும் மூலமும் ஒரு போட்டோப் பிரதியும். சில கடைகள் பொலிஸ் நற்சான்றிதழும் கேட்கும், அதை வேலை உறுதியான பிறகு எடுத்தால் போதும்.

மூலப் பிரதிகளைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். "ஒரிஜினலை வைச்சிட்டுப் போம், வேலையால நிக்கேக்க தருவம்" என்று சொல்கிற கடைகள் இருக்கின்றன. அந்தச் சான்றிதழ் உங்களுடையது. நாளைக்கு ஒரு அரச விண்ணப்பம் வந்தால், அந்தத் தாளுக்காக ஒருவர் முன்னால் போய் நிற்கவேண்டி வரும். "பிரதியில ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டு எடுங்கோ ஐயா, மூலம் வீட்டில இருக்கவேணும்" என்று சொல்லுங்கள். வேலை தருவதற்கு முற்பணம், சீருடைக்குக் காசு, பயிற்சிக்குக் கட்டணம் என்று கேட்டாலும் பையைத் திறக்காமல் எழும்பி வாருங்கள்.

இப்போது சம்பளம். வாய் திறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். திறக்கத்தான் வேண்டும், நேரம் பார்த்து. முதல் பத்து நிமிடத்தில் வேண்டாம். கடைசியில், "நீர் ஏதும் கேக்க இருக்கோ?" என்பார்கள். அதுதான் இடம். அவர்கள் கேட்காவிட்டாலும், "ஐயா, ஒன்று இரண்டு விஷயம் கேக்கலாமோ?" என்று நீங்களே தொடங்கலாம். அதற்கு முதல் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள், அப்போது குரல் நடுங்காது.

இலங்கையில் தனியார் துறைக்குத் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் என்று ஒன்று உண்டு. 2025 ஏப்ரலில் இருந்து 27,000 ரூபாய் ஆகியது. 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபாய். முழுநேர வேலைக்கு இதற்குக் கீழே யாரும் கொடுக்க முடியாது, பழகுகிற பிள்ளை என்று சொல்லியும் குறைக்க முடியாது. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி தன் பங்காக 12 வீதம் போடவேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு மேலும் 3 வீதம், அதுவும் முழுக்க முதலாளியின் காசு. 30,000 என்று வைத்துப் பாருங்கள்: உங்கள் 2,400, அவரின் 3,600, சேர்ந்து மாதம் 6,000 உங்கள் பெயரில் சேமலாப நிதிக்குப் போகிறது. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 900. கைக்கு வருவது 27,600. சில கடைகளில், "ஈபிஎஃப் வேண்டாம் எண்டால் முழுச் சம்பளமும் கையில தாறம்" என்று ஆசை காட்டுவார்கள். 2,400 கூடக் கிடைக்கும் என்று நினைத்து, மாதம் 4,500 ரூபாயை விட்டுக்கொடுக்கிற கதை அது. "முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதுக்குப் பிறகுதான் ஈபிஎஃப்" என்பதும் பிழை. முதல் நாளில் இருந்தே கட்டவேண்டும்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954இல் வந்தது, இன்றைக்கும் அதுதான் அடிப்படை. ஒரு நாளுக்கு எட்டு மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேலே நின்றால் மணித்தியாலக் கூலியின் ஒன்றரை மடங்கு. கிழமைக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை. போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், வேலைக்குக் கூப்பிட்டால் அன்றைக்கும் ஒன்றரை மடங்குச் சம்பளம். யாழ்ப்பாணத்தில் பல கடைகளில் காலை எட்டரைக்குத் திறந்து இரவு எட்டுக்குப் பூட்டும் வரை ஒரே ஆள்தான் நிற்கும். அது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது என்பதால் சட்டம் மாறிவிடாது.

இதையெல்லாம் இன்டர்வியூவில் சட்டம் படிப்பது போல ஒப்புவிக்கவேண்டாம். சாதாரணமாகக் கேளுங்கள். "வேலை நேரம் எத்தினை மணியில இருந்து எத்தினை மணி வரைக்கும்? கிழமையில எந்த நாள் லீவு? தீபாவளிக்கு முதல், திருவிழா நேரம் கூட நிக்கவேண்டி வந்தால் ஓவர்டைம் எப்படிக் கணக்குப் பார்ப்பியள்? ஈபிஎஃப் எப்ப தொடங்கும்? நியமனக் கடிதம் தருவியளோ?" காசாளர் என்றபடியால் இன்னொன்றும்: "இரவு கணக்கு முடிக்கேக்க காசு குறைஞ்சால் என்ன நடைமுறை?" பல பிள்ளைகளுக்குச் சம்பளம் கரைவது அந்த ஓட்டையால்தான். ஒரே லாச்சியை மூன்று பேர் திறக்கிற கடையில் குறைகிற காசுக்கு உங்களைப் பொறுப்பாக்கக்கூடாது. உங்கள் லாச்சிக்கு நீங்கள் மட்டும்தானா, பொறுப்பு எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் உங்களுக்கு முன்னால் எண்ணுவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேட்டதற்கு முகம் சுளித்தால்? அதுவும் ஒரு பதில்தான். ஒழுங்காக நடக்கும் கடை இந்தக் கேள்விகளுக்கு இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். சொல்ல முடியாத கடை மாத முடிவிலும் சொல்லாது. உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. உடனே வேலை தேவை என்றால், எல்லாம் சரியில்லாத கடையிலும் சேரவேண்டி வரலாம். அது குற்றமில்லை. ஆனால் என்ன கிடைக்கவில்லை என்று தெரிந்துகொண்டு சேருங்கள். வேலை தொடங்கிய நாள், தினமும் நின்ற நேரம், வாங்கிய சம்பளம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு தொழில் திணைக்களத்துக்கு ஒரு முறைப்பாடு கொண்டுபோக வேண்டி வந்தால் அந்தக் கொப்பி பேசும்.

எழும்பும்போது, "எப்ப அறிவிப்பியள் ஐயா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். சொன்ன நாள் தாண்டினால் ஒரு தரம் கோல் எடுத்துக் கேளுங்கள், அதில் வெட்கம் இல்லை. உங்களைத் தெரிவுசெய்யாவிட்டாலும் விண்ணப்பம் அவர்களிடம் இருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் முதல் எல்லாக் கடையும் ஆள் தேடும், அப்போது பழைய கோவையில் இருந்துதான் முதலில் கூப்பிடுவார்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான மனிதவள உத்தியோகத்தரிடமும் பெயரைப் பதிந்து வையுங்கள், தொழிற்சந்தை நடக்கும்போது அறிவிப்பார்கள்.

வேலை கிடைத்துவிட்டால், முதல் மாதச் சம்பளச் சீட்டை வாங்கிப் பாருங்கள். 8 வீதம் கழித்திருக்கிறார்களா, உங்கள் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் என்ன என்று கேட்டு எழுதி எடுங்கள். கழித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற இடமும் உண்டு, அந்த இலக்கம் கையில் இருந்தால்தான் கட்டுகிறார்களா என்று விசாரிக்க முடியும்.

அன்புடன்,
அக்கா